படம் எடுத்தவர் எங்கே நின்றார்? 19-ஆம் நூற்றாண்டுக் கோயில், கட்டடப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மதுரையின் பழைய இடங்களைச் சுற்றி வருவது என் வழக்கம். கையில் ஒரு கோப்பு இருக்கும். அதில் பெரும்பாலும் லினேயஸ் ட்ரைப் 1858-இல் எடுத்த படங்களின் நகல்கள். அவற்றை நீட்டியதும் ஆளுக்கொரு கேள்வி வரும். மூன்று நான்கு வருஷமாக அதே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, முதல்ல யார் இந்த ட்ரைப்? போட்டோகிராபரா, பட்டாளத்துக்காரரா?

இரண்டும்தான். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அடுத்த வருஷம் பர்மா அரசரிடம் போன தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டார். அங்கே எடுத்தவற்றில் 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகள் தயாரித்தார். பெருக்கிப் பாருங்கள், 6,000 பிரிண்ட். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் எடுத்தது.

1856-இல் அவரைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பர் தொடங்கி 1858 ஏப்ரல் வரையிலான பயணத்தில் ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு எல்லாம் அவர் கேமராவுக்குள் வந்தன. நம் ஊர்க் கோயில்களை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு ஒழுங்காக அவருக்கு முன் யாரும் படம் பிடித்ததில்லை. கம்பெனிக்கு இதில் என்ன அக்கறை என்றால், பழைய கட்டடங்களை ஓவியர்களை வைத்து வரையச் செய்து அதுவரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். புகைப்படம் அதைவிடச் சீக்கிரம், சரியாகவும் இருக்கும் என்பது லண்டன் மேலதிகாரிகளின் எண்ணம்.

படம் ஏன் பழுப்பா இருக்கு? பழசானதாலயா?

பாதி அப்படித்தான். மீதிப் பாதி, எடுத்த அன்றே அந்த நிறம். வெள்ளி உப்புத் தடவிய தாளை நெகட்டிவோடு (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த மூலப்படம்) ஒட்ட வைத்து வெயிலில் காயவிட்டால் வரும் நிறமே செம்பழுப்புதான். அதைத் தங்கக் கரைசலில் முக்கி ஊதா கலந்த பழுப்புக்குக் கொண்டுவருவார்கள். சரியாகக் கழுவாத பிரிண்ட் காலப்போக்கில் மஞ்சளடித்து ஓரங்களில் வெளிறும்.

இதில் வடிவத்தைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. அன்று பெரிதாக்குவது நடைமுறையில் கிடையாது. நெகட்டிவ் என்ன அளவோ, பிரிண்ட் அதே அளவு. ட்ரைப்பின் படங்கள் சுமார் 10-க்கு 14 அங்குலம். அதனால் கேமராவும் ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தாக வேண்டும். பின்னால் வரும் பதில்களில் "ஏன் கொஞ்சம் தள்ளி நிற்கவில்லை?", "ஏன் மேலே ஏறவில்லை?" என்று தோன்றும்போதெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயில்ல ஆளே இல்லையே! எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு எடுத்தாரா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ட்ரைப் மதுரையில் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகுத்தாள் நெகட்டிவ். 1851-இல் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட முறை அது. தாளின் இழைகளுக்குள் மெழுகை இறக்கி அதன்மேல் ரசாயனம் ஏற்றுவார்கள். முன்கூட்டியே தயார் செய்து பையில் வைத்துக்கொண்டு பயணம் போகலாம், எடுத்துச் சில நாள் கழித்தும் கழுவலாம். அதே 1851-இல் வந்த ஈரக் கண்ணாடித் தகடு அப்படியில்லை. ஈரம் காயும்முன் எடுத்து, காயும்முன் கழுவ வேண்டும். போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம் தேவை.

மெழுகுத்தாளின் குறை வேகம். நல்ல வெயிலில்கூட நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நடந்து போனவர் படத்தில் பதியவே மாட்டார். கொஞ்சம் நின்று போனவர் புகை மாதிரி பதிவார். எனவே காலியாகத் தெரியும் பிரகாரம் காலியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: வாசல் படியில் உட்கார்ந்து கதை பேசுபவர்கள் எந்த ஊர்க் கோயிலிலும் அரைமணி நேரம் அசையமாட்டார்கள். அவர்களும் படத்தில் இல்லை என்றால் யாரோ எழுப்பி விட்டிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

வானம் ஏன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? ஒண்ணு ரெண்டு படத்துல மட்டும் மேகம் இருக்கே?

அன்றைய ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் கண்ணில் படும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஏறக்குறைய இருட்டு. வானம் நீலம் என்பதால் கோபுரம் சரியாகப் பதிவதற்குள் வானம் எரிந்துபோகும். மரங்கள் எல்லாம் கறுத்த கட்டிகளாகத் தெரிவதும், செங்கல் சுவர் நேரில் பார்ப்பதைவிடக் கறுத்துத் தெரிவதும் இதே காரணத்தால்.

மேகம் தெரியும் படங்களில் பலவற்றில் அது ட்ரைப் வரைந்தது. நெகட்டிவின் மேல் நிறமி தடவினால் அந்த இடம் பிரிண்டில் வெளிறும். அப்படி அடிவானத்தில் மேகம் வைத்தார், மரத்தின் இலைகளுக்கு ஒளிப்புள்ளி வைத்தார். மெழுகுத்தாளில் வானம் திட்டுத்திட்டாகப் பதியும் என்பதால் வானம் முழுவதையும் மூடி வெள்ளையாக்கிய படங்களும் உண்டு. அந்த வெள்ளையை அவர் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. கோபுரத்தின் விளிம்பு கத்தரித்து ஒட்டியது போலத் தனியாகத் தெரிகிறது பாருங்கள். ஒரு கட்டடத்தின் வடிவத்தைக் காட்ட இதைவிட நல்ல பின்திரை கிடையாது. மேகமும் காக்கையும் மின்கம்பியும் சேர்ந்து நிற்கும் என் செல்போன் படத்தைவிட அவருடைய வெற்று வானம் கோபுரத்தை அதிகம் காட்டுகிறது.

நான் எடுத்தா கோபுரம் பின்னாடி சாயுது. அவர் எடுத்தது மட்டும் எப்படி நேரா நிக்குது?

செல்போனை அண்ணாந்து பிடிக்கிறீர்கள், அதனால்தான். கேமராவின் பின்பக்கம், அதாவது நெகட்டிவ் நிற்கும் தளம், கட்டடத்துக்கு இணையாகச் செங்குத்தாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். அது சாய்ந்த நிமிஷம் கோடுகள் மேலே போய்க் கூடத் தொடங்கும்.

அப்படியானால் உச்சி எப்படிப் படத்துக்குள் வரும்? பழைய பெட்டிக் கேமராக்களில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே நகர்த்த முடியும். பெட்டி நிமிர்ந்தே நிற்கும், லென்ஸ் மட்டும் ஓரிரு அங்குலம் ஏறும், படத்துக்குள் தரை குறைந்து வானம் கூடும். அதுவும் போதாதபோது எதிர்வீட்டு மாடி, மதில், மண்டபத்தின் மேல்தளம் என்று உயரமான இடமாகத் தேடுவார்கள். கட்டடத்தின் பாதி உயரத்தில் கேமரா நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் காலக் கட்டடப் படங்களில் தரையைக் கொஞ்சம் மேலிருந்து பார்ப்பது போன்ற ஒரு பார்வை அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம்.

லென்ஸிலும் ஒரு தொல்லை இருந்தது. நிலக்காட்சிக்குப் பயன்பட்ட எளிய லென்ஸ் நேர்கோட்டை ஓரத்தில் வில்லாக வளைக்கும். மலையை எடுத்தால் யாருக்கும் தெரியாது, தூணை எடுத்தால் மானம் போகும். கோடுகளை வளைக்காத, எல்லோரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய லென்ஸ் 1866-இல்தான் வந்தது. லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், இருவரும் தனித்தனியாக ஒரே வருஷத்தில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் எடுத்தவர்கள் ஓரத்தில் மரம், மண்சுவர், நிழல் என்று வளைந்தாலும் பரவாயில்லாததை வைத்தார்கள். படத்தின் அழகுக்காக வைத்த மரம் என்று நாம் நினைப்பது சில சமயம் லென்ஸின் மானத்தைக் காக்க வைத்த மரம்.

நேர் எதிர்ல நின்னு எடுக்குறதா, மூலையில நின்னு எடுக்குறதா, எது சரின்னு அப்ப நினைச்சாங்க?

இரண்டு கட்சி இருந்தது. முதல் கட்சிக்குத் தாய்வீடு கட்டடக்கலைஞனின் வரைபடம். முகப்புக்கு நேர் எதிரே, நடுவில், ஒரு பக்கமும் சாயாமல் நின்று எடுத்தால் அகலத்தையும் உயரத்தையும் கிட்டத்தட்ட அளந்தே எடுத்துவிடலாம். பாரிஸில் பிஸ்ஸோன் சகோதரர்கள் 1850-களில் தேவாலய முகப்புகளை இப்படி எடுத்துப் பெரிய தொகுப்புகளாக வெளியிட்டார்கள். எத்துவார் பால்துஸ் புதிய லூவ்ரே அரண்மனை கட்டப்பட்டபோது ஒவ்வொரு சிற்பத்தையும் அலங்காரத்தையும் நேர் எதிரே வைத்து எடுத்தார். சுமார் 2,000 படங்கள். பார்க்கப் பேரேட்டைப் புரட்டுவது போல இருக்கும், ஆனால் கல்தச்சருக்கும் கட்டடக்கலைஞருக்கும் அதுதான் தேவை.

இரண்டாவது கட்சி மூலைப் பார்வை. முகப்பும் பக்கச் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி கோணத்தில் நிற்பது. கட்டடத்தின் கனம், ஆழம், எது முன்னால் எது பின்னால் என்பது இதில்தான் புரியும். இது ஓவியர்களிடமிருந்து வந்த வழக்கம். ட்ரைப்புக்கு அறுபது எழுபது வருஷம் முன்பே தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரை, தஞ்சாவூர்க் கட்டடங்களை இப்படி வரைந்துவிட்டார்கள். படிப்பவர்களுக்கு அந்தப் பார்வை பழகியிருந்தது.

ட்ரைப் இரண்டையும் கலக்கிறார். என் கண்ணுக்கு அவர் நேர்ப்பார்வைக்காரர்தான். எடுத்துக்காட்டு கட்டடமே இல்லாத ஒரு படம்: யானைமலை. மதுரைக்காரர் யாரைக் கேட்டாலும் படுத்திருக்கும் யானையின் பக்கவாட்டு உருவத்தைத்தான் சொல்வார். நீளமான அந்தக் கோட்டை ட்ரைப்பும் எடுத்திருக்கலாம். அவர் மலையின் முனைப்பக்கம் போய் நின்று ஒரு படம் எடுத்தார். அங்கிருந்து யானையும் இல்லை தும்பிக்கையும் இல்லை, ஃப்ரேமை நிரப்பும் ஒரே பாறை. கட்டடத்தைப் பார்க்கிற கண் அது. உவமையை விட்டுவிட்டுக் கனத்தைப் பார்க்கிற கண்.

கோபுரத்தோட உச்சிய வெட்டிட்டாரே? கொஞ்சம் பின்னாடி போயிருக்கலாம்ல?

எங்கே போவார்? ஸ்ரீரங்கத்துச் சுற்று வீதியில் கோபுரத்துக்கு எதிரே நின்று பின்னால் நடந்து பாருங்கள். வீட்டுத் திண்ணை முதுகில் இடிக்கும். நம் கோயில்கள் மதிலுக்குள் மதிலாகக் கட்டியவை, எங்கே நின்றாலும் பின்னால் ஒரு சுவர் உண்டு. முன்பலகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் போனால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும்.

எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் எதை வெட்டுகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடியை வெட்டினால் கட்டடம் மிதக்கும். உச்சியை வெட்டினால் உட்கார்ந்திருக்கும். வெட்டவே மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். பால்துஸ் ஆர்ல் நகரத்தின் செயின்ட் த்ரோஃபீம் மடத்தை எடுத்தபோது ஒரே நெகட்டிவில் அடங்காததைப் பத்து நெகட்டிவ் வரை துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார். இடைவெளியைத் தூரிகையால் நிரப்பினார். இன்றைய பனோரமாவுக்குப் பாட்டன்.

புது மண்டபத்துக்குள்ள பகல்லயே இருட்டா இருக்குமே. லைட் இல்லாம எப்படி எடுத்தார்?

எனக்கு மிகவும் பிடித்த படம் இது, கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன். 1858 ஜனவரி–பிப்ரவரியில் எடுத்தது. மேற்கு வாசல் பக்கமிருந்து தெற்கு நடையை, அதாவது தூண் வரிசைகளுக்கு இடையே போகும் வழியை, பார்க்கும் படம் என்று அதன் தலைப்பே சொல்கிறது. மதுரை மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். நீளமான கூடம், வரிசை வரிசையாகச் சிற்பத் தூண்கள். இதற்கு நடு நடை ஒன்று இருக்கிறது, அகலமாக, நாயக்க மன்னர்களின் சிலைகளோடு. இந்தப் படத்துக்கு அதை விட்டுவிட்டு ஓரத்து நடையை ஏன் எடுத்தார்?

மேற்கிலிருந்து கிழக்கே பார்த்தால் வலது கைப்பக்கம் தெற்கு. ஜனவரியில் சூரியன் நம் தலைக்கு நேராக வராமல் தெற்கே சாய்ந்துதான் போகும். மதுரையில் அந்த மாத இறுதியில் உச்சிப்பொழுதிலும் அது ஏறக்குறைய 62 டிகிரிதான் ஏறும். ஆக, வெளித்தூண்களுக்கு இடையே வெளிச்சம் நுழைவது தெற்குப் பக்கத்தில். நடு நடைக்கு அது வந்து சேர்வதற்குள் செத்துவிடும். அந்த மாதத்தில் ஓரத்து நடைதான் படம் எடுக்கத் தகுந்த நடை என்பது என் ஊகம். லென்ஸைத் திறந்து வைத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தூண் நடந்து போகாதே.

மண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் ஒருநாள் அந்த முனையில் நின்று பார்த்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே, தொங்கவிட்ட ஜாக்கெட்டுகளை விலக்கிக்கொண்டு. முதல் தூணின் யாளி கண்ணுக்கு மிக அருகே, முரடாக. அடுத்தது கொஞ்சம் சிறியதாக. அதற்கடுத்தது இன்னும் சிறியதாக. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறிக் கிழக்குக் கோடி வரை ஓடின. ட்ரைப் எடுத்தது அந்த ஓட்டத்தைத்தான். தனித்தனிச் சிற்பம் எதுவும் முழுசாகத் தெரியாது. மண்டபம் எவ்வளவு நீளம் என்பது உடம்பில் உறைக்கும்.

எல்லாப் படத்துலயும் நிழல் ஒரு பக்கமா விழுது. அது தற்செயலா?

இல்லை. சிற்பம் நிறைந்த சுவரில் வெயில் நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு அடித்தால் கால் அங்குலப் புடைப்புக்கும் நிழல் விழும். கிழக்கு முகப்புக்குக் காலை நடுப்பொழுது, தெற்குச் சுவருக்குக் காலையோ மாலையோ. வடக்குச் சுவருக்கு ஜனவரியில் வெயிலே கிடையாது. நிழலைப் பார்த்து எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு மணி நேரம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். மாணவர்களுக்கு இது நல்ல விளையாட்டு.

ஆள் இல்லைனீங்க, இந்தப் படத்துல ஒருத்தர் தூண் பக்கத்துல நிக்கிறாரே?

நிற்க வைக்கப்பட்டவர். மேலே சொன்ன நிமிடக் கணக்கை நினைவில் வைத்தால், அசையாமல் பதிந்த எந்த மனிதரும் சொன்னபடி நின்றவர் அல்லது ஆழ்ந்து தூங்கியவர். ஆள் ஓர் அளவுகோல். ஐந்தரை அடி மனிதர் தூணின் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் தூணின் உயரம் கணக்குப் போடாமலே தெரியும்.

இந்த வழக்கத்துக்குப் பேர்போனவர் மாக்சிம் தியு கான் என்ற பிரெஞ்சுக்காரர். 1849 தொடங்கி 1851 வரை எகிப்திலும் அக்கம்பக்கத்திலும் சுற்றியபோது ஹாஜி இஸ்மாயில் என்ற படகோட்டியைச் சிலைமேல் ஏற்றி நிறுத்தி எடுத்துக்கொண்டே போனார். நம்மூர்ப் படங்களில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. அந்த ஒருவரையாவது பெயரோடு குறித்து வைத்தார்களே என்றிருக்கும் எனக்கு.

தஞ்சாவூர் பெரிய கோயிலை 21 படமா ஒட்டியிருக்காராமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் கோயிலை அல்ல, விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை. 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டிய ஒரே நீளத் தாள், சுமார் 19 அடி. சுருட்டி வைக்கலாம், விரித்தால் ஓர் அறையின் சுவர் போதாது.

1010 வாக்கில் ராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானத்தை நிமிர்ந்து பார்க்காதவர் கிடையாது. ட்ரைப் அதையும் எடுத்தார். ஆனால் 21 தடவை கேமராவை அடித்தளத்துக்கு நேராக வைத்தார். யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு தடவையும் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம், பெட்டி சுவருக்கு இணை. ஒரு படத்தின் வலது ஓரத்து எழுத்து அடுத்த படத்தின் இடது ஓரத்தில் அதே அளவில் வர வேண்டும். ஒரு விரற்கடை முன்னே பின்னே போனால் வரி உடைந்துவிடும். வெயில் நகர்ந்துகொண்டே இருப்பதால் நிழலும் மாறும். கூர்ந்து பார்த்தால் ஒட்டிய இடம் சில தெரியும்தான்.

படத்தின் கட்டமைப்பு என்று நாம் சொல்வதெல்லாம் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதுதானே. இங்கே அந்த முடிவையே அவர் எடுக்கவில்லை. கல்வெட்டு எங்கே போகிறதோ அங்கே போனார். வரியின் நீளம்தான் படத்தின் நீளம். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடப் படங்களில் இதைவிடத் துணிச்சலான வடிவத்தை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தக் கல்வெட்டுகள் ஹுல்ட்ஷ் என்ற கல்வெட்டு அறிஞரின் பதிப்பில் முறையாக அச்சேறத் தொடங்கியது 1890-களில்.

சரி, இது கலையா, ஆவணமா?

அரசு கேட்டது ஆவணம். சம்பளமும் அதற்குத்தான். ஆனால் நெகட்டிவில் மேகம் வரைந்தவர் ஆவணம் மட்டும் எடுத்தார் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருந்தன என்றுதான் தோன்றுகிறது. கோடு கோணாமல் இருப்பது அவருக்குக் கடமை, அழகும் அதுவே.

ஆவணம் என்ற பக்கத்துக்கு ஒரு சான்று. திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்தபோது அது இடிபாடு. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில், 1866-க்குப் பின், பழுது பார்க்கப்பட்ட மகால்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. பழுதுக்கு முன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ட்ரைப்பிடம்தான் போக வேண்டும். பிரான்ஸில் 1851-இல் அரசே ஐந்து பேரை அனுப்பிப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் முன் எடுக்கச் சொன்னது. பால்துஸ், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால், பயார். எடுத்து வந்ததை வெளியிடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டியும்விட்டது. அரசு அலுவலகம் எங்கும் ஒன்றுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பார்வைதானே சார்? பாழடைஞ்ச ஊர்னு காட்டத்தானே எடுத்தாங்க?

கேட்க வேண்டிய கேள்விதான். அவர் கிளம்பியது 1857 டிசம்பர், வடக்கே கிளர்ச்சி அடங்காத நேரம். ராயக்கோட்டைக் கோட்டையும் திருச்சி மலைக்கோட்டையும் பட்டியலில் இருப்பது ஒரு படை அதிகாரியின் கண்ணுக்குப் பொருத்தம்தான். யாருக்காக எடுத்தார், எந்தப் பணத்தில் எடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காலியாகத் தெரியும் பிரகாரம், கைவிட்ட நாகரிகம் என்ற கதைக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை. அந்தக் காலிக்கு மெழுகுத்தாள் எவ்வளவு காரணம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதற்காக எல்லாப் படத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1860-களில் வந்த ஆங்கிலப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்னின் படங்களைப் பக்கத்தில் வையுங்கள். அவருக்குக் குளம் வேண்டும், குளத்தில் பிம்பம் வேண்டும், ஓரத்தில் சாய்ந்த மரம் வேண்டும். இங்கிலாந்து வரவேற்பறையில் மாட்ட அழகான படங்கள், நன்றாக விற்றன. ட்ரைப்பின் தஞ்சைக் கல்வெட்டுச் சுருளை எந்த வரவேற்பறையில் மாட்டுவது? இடிபாட்டின் சோகம் அதில் எங்கே இருக்கிறது? ஆட்சியின் கருவியாக இருந்தவரே கட்டடத்துக்கு முன்னால் அடங்கி நின்ற இடங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?

காசுதான். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் அரசு நிதி இருந்த நிலையில் இது ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். ட்ரைப் அதற்குப் பிறகு படம் எடுத்தது மிகக் குறைவு. 1902-இல் இறந்தார்.

அவர் நின்ன அதே இடத்துல நின்னு நானும் எடுக்கணும். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு தெரியும் இரண்டு பொருளைத் தேடுங்கள், ஒன்று அருகே, ஒன்று தொலைவில். உதாரணமாக, முன்னால் இருக்கும் தூணின் இடது விளிம்பும் பின்னால் இருக்கும் கோபுரத்தின் முதல் கலசமும். நேரில் போய், அவை இரண்டும் அதேபோல் தொடும் இடம் வரும்வரை நகருங்கள். நீங்கள் இடது பக்கம் நகர்ந்தால் அருகே உள்ளது வலது பக்கம் போவது போலத் தெரியும். அது ஒரு கோட்டைக் கொடுக்கும், அந்தக் கோட்டில் எங்கோ அவர் நின்றார். வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் அவர் கேமரா முக்காலியின் இடம். உயரத்துக்கும் இதே வித்தைதான்: பீடத்தின் மேல்விளிம்பு பின்சுவரில் எந்த வரிசைக் கல்லோடு சேர்கிறது என்று பாருங்கள்.

ஜூமைத் தொடாதீர்கள். ஜூம் வெட்டும், இடத்தை மாற்றாது. முதலில் இடம், பிறகு அளவு. செல்போனை நிமிர்த்திப் பிடித்து, தேவையில்லாத தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள், கோபுரம் சாயாது.

இப்படித் தேடி ஒரு படத்தின் இடத்தைப் போன மாசி மாதம் பிடித்தோம். நான்கு பேர், இரண்டு மணி நேரம். இரண்டு கோடும் வெட்டிய இடத்தில் மின்வாரியத்தின் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது, மேலே ஒரு பூக்காரம்மா கூடையை வைத்திருந்தார். கூடையை ஒரு நிமிஷம் நகர்த்தச் சொல்லிக் கேட்டோம். "எதுக்குய்யா?" என்றார். படத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேப்பமரத்தக் காணோமே" என்றார். அந்த மரத்தை எல்லாப் படத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.